குறி வேறு, முதல் வேறு: 'மருந்து' அதிகாரம் பற்றிய ஒரு திறனாய்வு

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் 95ஆவதாக நிற்கின்றது. அதன் எட்டாம் குறளைக் கேளாத தமிழ் மாணவர் அரியர். மருத்துவமனைச் சுவர்களிலும், விழா மலர்களிலும், மேடைப் பேச்சுகளிலும் அது தவறாமல் இடம்பெறுகின்றது. இவ்வளவு பெருவழக்குப் பெற்ற ஒரு பாட்டு அப்பெருவழக்கினாலேயே பொருள் தேய்ந்து போதலும் உண்டு. பல கை மாறிய காசில் முத்திரை மங்குவது போன்றது அது.

இக்குறளைப் பற்றி வழங்கும் பிழைகள் இரண்டு. ஒன்று, அதில் மும்முறை வரும் 'நாடி' என்னும் சொல்லைக் கைந்நாடி என்று பொருள் கொள்வது. வைத்தியர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கும் வழக்கம் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்திருப்பதால் இம்மயக்கம் எளிதில் நேர்கின்றது. ஆனால் அக்குறளில் வரும் 'நாடி' பெயர்ச்சொல் அன்று. நாடுதல் என்னும் வினையடியாகப் பிறந்த வினையெச்சம். ஆராய்ந்து, தேடித் தெளிந்து என்பதே அதன் பொருள். இஃது இலக்கணப் பிழையாதலின் ஆசிரியர் ஒருவர் ஒரு நிமையத்தில் திருத்திவிடலாம்.

மற்றொன்று அவ்வளவு எளிதில் திருத்தக்கூடியது அன்று. இன்றைய மருத்துவம் கண்ட குருதிச் சோதனை, கதிர்ப்படம், நுண்ணுயிர் ஆய்வு எல்லாவற்றையும் வள்ளுவர் அன்றே கூறிவிட்டார் என்று பெருமை பேசுவது அது. இப்பேச்சு வள்ளுவருக்கும் பெருமை தருவதில்லை, மருத்துவத்தையும் விளக்குவதில்லை. கூறாததைக் கூறியதாகச் சொல்லும்போது, கூறியது இன்னதென்று காணும் வேலை நின்றுவிடுகின்றது. புகழ்ச்சி திறனாய்வின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது.

ஒரு நெறிப்பாட்டின் உரத்தை அளக்கச் சிறந்த வழி, அப்பாட்டை அறியாதார் நடுவில் நிகழ்ந்த ஓர் உண்மை நிகழ்ச்சியோடு அதனைப் பொருத்திப் பார்ப்பதாகும். அத்தகைய நிகழ்ச்சியைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா மண்ணில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பெரிபெரி என்னும் நோயும், அதன் காரணம் காணப்பட்ட வரலாறும் இக்குறளுக்குக் கிடைத்த உரைகல் எனலாம்.

அதிகாரத்தின் அமைப்பு

அதிகாரத்தின் பத்துக் குறள்களில் முதற்குறள் நோய்க்குப் பொதுக் காரணம் கூறுகின்றது. அடுத்த ஆறும் உணவைப் பற்றியன: முன் உண்டது அற்றது அறிந்து உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல், மாறுபாடில்லாத உணவை உண்ணுதல் என்பன அவற்றின் கருத்துகள். எஞ்சிய மூன்றே மருத்துவனைப் பற்றியன. மருந்து என்று பெயர் சூட்டிவிட்டு மருந்தே வேண்டாத வாழ்க்கையைப் பெரும்பகுதி பேசுவது இவ்வதிகாரத்தின் தனிச்சிறப்பு. மருத்துவன் வருமுன் சமையற்கட்டு வருகின்றது.

முதற்குறளில் ஆராயத்தக்க ஒரு நுட்பம் உண்டு. மிகுதியும் குறைவும் நோய் செய்யும் என்பது அதன் கருத்து. எது மிகினும், எது குறையினும்? வளி முதலாகிய மூன்றே மிகுவதும் குறைவதும் என்று கொள்வார் உளர். பரிமேலழகரோ உணவும் செயலுமே ஒருவன் உடற்கூற்றுக்கு ஒத்த அளவின் மிகுவனவும் குறைவனவும் எனக் கொண்டார். அதனோடு நில்லாமல், உணவு ஒத்திருத்தல் என்பது அளவால் மட்டும் அன்று, சுவையாலும் வீரியத்தாலும் ஒத்திருத்தலே என்றும் விரித்தார்.

இவ்விரிவு பெரிதும் கருதத்தக்கது. உணவின் அளவு வேறு, வீரியம் வேறு என்று பிரித்தமையால், வயிறு நிரம்ப உண்டவனும் ஒரு வகையில் குறைய உண்டவனாதல் கூடும் என்னும் எண்ணத்துக்கு அவர் உரை இடம் தருகின்றது. ஆயினும், பின்வரும் ஆறு குறள்களும் உணவைப் பேசுமிடத்து மிகையையே பெரிதும் கண்டிக்கின்றன. குறையால் வரும் நோய்க்கு முதற்குறளில் ஒரு சொல் உண்டு. தனியே ஒரு குறள் இல்லை. இதனைக் குறையாகக் கூறுவதைவிட, அதிகாரத்தின் நோக்கு எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதற்குச் சான்றாகக் கொள்ளுதலே முறை.

மூன்று தேடலும் ஒரு செயலும்

எட்டாம் குறள் நான்கு படிகளை உடையது. நோய் இன்னதெனத் தெளிதல் முதற்படி. அந்நோய் தோன்றிய மூலத்தைத் தெளிதல் இரண்டாம் படி. அதனைத் தணிக்கும் வழியைத் தெளிதல் மூன்றாம் படி. தெளிந்தவாறு பொருந்தச் செய்தல் நான்காம் படி. முதல் மூன்றுக்கும் ஒரே வினையெச்சத்தைத் திரும்பத் திரும்ப ஆண்டிருப்பது சொல் வறுமையால் அன்று. மூன்று தேடல்களுக்குப் பின்னரே ஒரு செயல் என்னும் விகிதத்தை அத்திரும்பல் காதுக்கு உணர்த்துகின்றது. மருந்துப் புட்டியை எடுக்க விரையும் கையை மூன்று முறை தடுத்து நிறுத்துகின்றது எனினும் பொருந்தும்.

'நோய்முதல்' என்னும் தொடரில் முதல் என்பது காரணம். தணிக்கும் 'வாய்' என்பதில் வாய் என்பது வழி. இவ்விரண்டையும் நோயினின்று வேறாக நிறுத்தியதே இக்குறளின் உயிர்நிலை. நோயையும் அதன் காரணத்தையும் ஒன்றெனக் கருதும் மயக்கம் எக்காலத்தும் உள்ளது. காய்ச்சல் என்பதை நோயின் பெயராகவும் காரணமாகவும் ஒருங்கே வழங்கும் பேச்சு வழக்கே இதற்குச் சான்று.

இனி, நோயை எதனால் தெளிவது என்று குறள் கூறவில்லை. அவ்விடத்தை நிரப்பியவர் பரிமேலழகர். நோயாளியிடத்துத் தோன்றும் குறிகளால் இன்ன நோய் என்று துணிதல் வேண்டும் என்பது அவர் உரை. 'குறி' என்னும் இச்சொல் மூலத்தில் இல்லை, உரையாசிரியர் தந்தது. நோயைக் கண்ணால் காண இயலாது. அதன் குறிகளையே காண இயலும். இதனை உணர்ந்தே அவர் அச்சொல்லைப் பெய்தார் எனலாம். நோய், குறி, முதல் என்னும் மூன்றையும் வேறுவேறாக வைத்து எண்ணுவதற்கு மூலமும் உரையும் சேர்ந்து வழி செய்துள்ளன. இம்மூன்றும் குழம்பினால் என்ன நேரும் என்பதையே பெரிபெரியின் வரலாறு காட்டுகின்றது.

குறிகளால் நோய் தெளிதல்

பெரிபெரி முதலில் கால்களில் தொடங்குவது. பாதங்கள் மரத்துப்போகும், கெண்டைக்காலை அழுத்தினால் வலிக்கும், நடை தளரும். குந்தியிருப்பவனை எழச் சொன்னால் கையூன்றாமல் எழமாட்டான். முழங்காற் சில்லின் கீழே தட்டினால் கால் இயல்பாகத் துள்ள வேண்டும். இந்நோயில் அத்துள்ளல் மறைந்துவிடும். இவ்வகையை உலர் பெரிபெரி என்பர். மற்றொரு வகையில் கால்கள் வீங்கும், கணைக்கால் எலும்பின்மேல் பெருவிரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கும், நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இதயம் திடீரெனத் தளர்ந்து உயிர் போவதும் உண்டு. இஃது ஈரப் பெரிபெரி.

இக்குறிகளுள் எதுவும் இந்நோய்க்கே தனியுரிமை உடையது அன்று. கால் வீக்கம் சிறுநீரக நோயாலும் கல்லீரல் நோயாலும் இதய நோயாலும் வரும். கால் மரத்தல் நீரிழிவாலும் தொழுநோயாலும் வரும். ஆதலின் ஒரு குறியைக் கண்டு நோயைத் துணிபவன் இடறுவான். வீங்கிய காலைக் கண்டவன் சிறுநீரில் வெண்கரு கலந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். மரத்த காலைக் கண்டவன் குருதியில் சர்க்கரையின் அளவைப் பார்க்க வேண்டும். பல குறிகளை ஒருங்கு வைத்து, ஒவ்வாதவற்றைக் கழித்து, எஞ்சியதைத் துணிவதே நோய் நாடுதல். அறிவுடைய மருத்துவர் கையாளும் இக்கழித்தல் முறை, தமிழாசிரியர் ஒருவர் பாடபேதங்களை ஒப்புநோக்கி நல்ல பாடத்தைத் துணியும் முறையினின்று வேறுபட்டது அன்று.

மலாயாவில் இந்நோயின் குறிகளை அறிந்த மருத்துவர் பலர் இருந்தனர். ஈயச் சுரங்கங்களிலும், சிறைகளிலும், மருத்துவமனைகளிலும் ஆண்டுதோறும் அதைக் கண்டனர். முதற்படி நிறைவேறியிருந்தது. இரண்டாம் படியில்தான் அவர்கள் நெடுங்காலம் தடுமாறினர்.

முதல் தேடிய வரலாறு

டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஜாவாவின் பத்தேவியா நகரில் பெரிபெரிக்குரிய நுண்ணுயிரைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. அவை இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்றுவந்தவை. அச்சோறு நிறுத்தப்பட்டபின் அவை தேறின. தவிட்டில் ஏதோ நன்மை இருப்பதை அவர் கண்டார். எனினும் அரிசி மாவில் ஒரு நஞ்சு உண்டென்றும், தவிடு அந்நஞ்சை முறிக்கின்றதென்றும் கருதினார். அவரைத் தொடர்ந்து ஆராய்ந்த கெரிட் கிரைன்ஸ், 1901ஆம் ஆண்டில், நஞ்சு என ஒன்றில்லை, உணவில் இன்றியமையாத ஒரு பொருள் இல்லாமையே நோய்க்குக் காரணம் என்னும் கருத்தை முன்வைத்தார். மிகை என்று தேடியது குறை என்று தெரியத் தொடங்கியது.

நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன், 1907ஆம் ஆண்டில் இந்நோயின் காரணமும் தடுப்பும் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். அவர் கண்ட உண்மை எளியது; ஆனால் கண்ணிருந்தும் பலர் காணாதது. ஒரே நாட்டில், ஒரே வெயிலிலும் மழையிலும், மூவினத்தார் வாழ்ந்தனர். சீனத் தொழிலாளர் ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை உண்டனர். அவர்களிடையே நோய் மிகுந்திருந்தது. கிராமத்து மலாய்க்காரர் தாமே விளைவித்த நெல்லை அவ்வப்போது குத்தி உண்டனர்; அவர்களிடையே நோய் குறைவு. தோட்டங்களில் உழைத்த தமிழர் புழுங்கல் அரிசியை உண்டனர். அவர்களை இந்நோய் ஏறத்தாழ அணுகவே இல்லை.

தமிழ்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த நெல் அவித்தல் இவ்வாறு மருத்துவ வரலாற்றில் ஒரு சான்றாக நுழைந்தது. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிப் படிகின்றது. பின்னர் எவ்வளவு தீட்டினும் அது முழுதும் போவதில்லை. இது கொண்டு தமிழரின் முன்னோர் உயிர்ச்சத்தை அறிந்திருந்தனர் என்று கூறுதல் ஆகாது. நெல் உடையாமல் குத்தவும், நெடுநாள் கெடாமல் இருக்கவும் அவித்தனர். நோய்த் தடுப்பு அதனோடு கூடவந்த பயன். பெரிபெரிக்குத் தப்பிய அதே தமிழ்த் தொழிலாளர் மலேரியாவுக்குத் தப்பவில்லை. தோட்டங்களில் பெருந்தொகையினராக மடிந்தனர். அவர்களைக் காத்தது இனமும் அன்று, முன்னறிவும் அன்று. சோற்றுப் பானையில் இருந்த அரிசியே.

பிராடன் நோயின் இருப்பிடத்தைச் சரியாகக் காட்டினார். காரணத்தைத் தவறாகக் கூறினார். பழகிப்போன வெள்ளையரிசியில் நஞ்சு உண்டாகின்றது என்பது அவர் துணிபு. கோலாலம்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் பிளெட்சர் இதனைச் சோதிக்க முனைந்தார். 1905ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், அந்நகரின் மனநோயாளர் இல்லத்தில் இருந்தோரை வரிசையில் நிறுத்தி எண்ணினர். ஒற்றை எண் பெற்றோர் ஒரு கட்டடத்தில் தங்கி வழக்கமான சயாம் பச்சரிசியை உண்டனர். இரட்டை எண் பெற்றோர் எதிர்க் கட்டடத்தில் தங்கிப் புழுங்கல் அரிசியை உண்டனர். ஏனைய உணவு இருசாரார்க்கும் ஒன்றே. ஓராண்டு சென்றபோது, பச்சரிசி உண்டவருள் 18 பேர் பெரிபெரியால் மாண்டிருந்தனர். புழுங்கல் அரிசி உண்டவருள் அந்நோயால் ஒருவரும் சாகவில்லை.

கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் மேலும் ஒரு படி சென்றனர். நெகிரி செம்பிலானில் சாலை அமைக்கும் வேலையில் இருந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, இருவகை அரிசியையும் வழங்கிப் பார்த்தனர். வெள்ளையரிசி உண்ட பிரிவில் ஏறத்தாழ மூன்று மாதத்தில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றியபோது நோயும் இடம் மாறியது. நோய் மண்டிய இடத்தில் குடியேறியும் புழுங்கல் அரிசி உண்டவர்க்கு அது தொற்றவில்லை. இவ்வாய்வின் முடிவு 1909ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொற்று என்னும் எண்ணத்துக்கு இனி இடமில்லாது போயிற்று.

ஆய்வுக்கூடம் கண்ட குறி

பிரேசரும் ஸ்டான்டனும் செய்த மற்றொரு பணி இத்திறனாய்வுக்கு நேரே தொடர்புடையது. எந்த அரிசி தீங்குடையது என்பதை மனிதர் உண்டு நோயுறும்வரை காத்திராமல் அறிய வேண்டும். அதற்கு அவர்கள் அரிசியிலுள்ள பாஸ்பரஸ் பென்டாக்சைடின் அளவை ஆய்வுக்கூடத்தில் கணித்தனர். நூற்றுக்கு 0.4 பங்குக்குக் குறைந்தால் அவ்வரிசியை மட்டுமே நம்பியிருப்பது ஆபத்து என்று கொண்டனர். இதில் நுட்பம் யாதெனில், பாஸ்பரஸ் இல்லாமையால் பெரிபெரி வருவதில்லை. நோயைத் தடுக்கும் பொருள் எந்த மேற்படலத்தில் உள்ளதோ அதே படலத்தில் பாஸ்பரசும் உள்ளது; தீட்டும்போது இரண்டும் ஒருங்கே நீங்குகின்றன. ஆதலின் பாஸ்பரஸ் குறி மட்டுமே, முதல் அன்று. அதைக் குறியென்றே உணர்ந்து பயன்படுத்தியதில் அவர்களின் தெளிவு விளங்குகின்றது. அக்குறியையே முதலெனக் கொண்டு நோயாளிக்குப் பாஸ்பரசை மருந்தாகக் கொடுத்திருந்தால் ஒரு பயனும் விளைந்திராது.

காணாமற்போன பொருளை 1926ஆம் ஆண்டில் ஜான்சன், டோனத் என்னும் இருவர் ஜாவாவில் தவிட்டினின்றும் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936ஆம் ஆண்டில் ராபர்ட் வில்லியம்ஸ் அதனைச் செயற்கையாக ஆக்கும் வழியை வெளியிட்டார். தயமின் அல்லது வைட்டமின் பி1 என்பது அதன் பெயர்.

இன்றைய சோதனை ஒன்று மேலும் அழகியது. நோயாளியின் குருதிச் சிவப்பணுக்களில் தயமினின் துணையால் வேலைசெய்யும் நொதி ஒன்று உண்டு. அதன் ஆற்றலை முதலில் அளப்பர். பிறகு சோதனைக் குழாயில் தயமினைச் சேர்த்து மீண்டும் அளப்பர். ஆற்றல் நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் உயர்ந்தால், அந்த அணுக்கள் அப்பொருளுக்கு ஏங்கியிருந்தன என்பது தெளிவு. இங்குச் சோதனை நோயின் குறியை மட்டும் காட்டவில்லை. நோயின் முதலையே தொட்டுவிடுகின்றது.

ஆயினும் இதயம் தளர்ந்து கிடக்கும் நோயாளிக்கு இச்சோதனையின் முடிவு வரும்வரை மருத்துவர் காத்திருப்பதில்லை. குருதியை எடுத்துக்கொண்டு உடனே தயமின் ஊசியைப் போடுவர். ஈரப் பெரிபெரியாயின் சில மணி நேரத்திலோ சில நாளிலோ மூச்சுத் திணறல் தணிந்து வீக்கம் வடியத் தொடங்கும். நரம்புகள் தேறுவதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். மருந்தே அங்குச் சோதனையுமாகின்றது.

படிகள் முறை மாறினால்

இவ்விடத்தில் குறளின் மீது ஒரு தடை எழுப்பலாம். முதல் அறிந்தபின் வழி அறிதல் என்பது குறளின் வைப்பு முறை. வரலாற்றிலோ வழி முன்னும் முதல் பின்னும் வந்தன. ஜப்பானியக் கடற்படை மருத்துவர் தகாகி கனேகிரோ இதற்குச் சான்று. 1882-83இல் ரியூஜோ என்னும் கப்பலில் சென்ற 376 பேரில் 169 பேர் பெரிபெரியுற்றனர். 25 பேர் இறந்தனர். 1884ஆம் ஆண்டில் உணவை மாற்றி மற்றொரு கப்பலை அதே வழியில் அவர் அனுப்பினார். நோயுற்றோர் சிலரே, இறந்தார் இலர். ஆனால் புரதக் குறைவே காரணம் என்று அவர் கருதினார். காரணம் தவறு, வழி சரி. அவ்வாறாயின் முதல் நாடாமலே நோய் தணிக்கலாகும் அன்றோ?

தடை வலியதே. விடை அதே நாட்டின் வரலாற்றில் கிடைக்கின்றது. தகாகியின் காரணத்தை ஜப்பானியத் தரைப்படை மருத்துவத் தலைவர்கள் ஏற்கவில்லை. நுண்ணுயிரே காரணம் என்று நின்றனர். 1904-05இல் நடந்த ரஷ்யப் போரில் அப்படையின் வீரர் பல்லாயிரவர் வெள்ளைச் சோறு உண்டு பெரிபெரியால் மாண்டனர். கடற்படையில் கைகண்ட வழி தரைப்படைக்குச் செல்லவில்லை. ஏன்? வழியை அறிந்தவரிடம் அதன் காரணத்தை மறுக்கவொண்ணாதபடி நிறுவும் ஆற்றல் இல்லை. முதல் அறியாத வழி ஒரு கப்பலைக் காக்கும். ஒரு நாட்டைக் காப்பது அரிது. தற்செயலாய்க் கிட்டிய நன்மை ஐயம் எழும்போது தன்னைத் தானே காத்துக்கொள்ளமாட்டாது.

ஆதலின் குறளின் வைப்பு முறையை நிகழ்ச்சி முறையாகக் கொள்ளாமல் தெளிவு முறையாகக் கொள்ளுதல் தகும். எதை முன்னே கண்டனர் என்பதை அது பேசவில்லை. எதன்மேல் எது நிலைபெறும் என்பதையே பேசுகின்றது. இவ்வாறு கொள்ளின் தடையும் நீங்குகின்றது, பாட்டும் உயர்கின்றது.

'பிழையாமை' பற்றிய உரை

நான்காம் படியாகிய செயலுக்கு வருவோர், பரிமேலழகரோடு ஓரளவு மாறுபட வேண்டியவராகின்றனர். செய்யும் வழி பிழையாமல் செய்க என்று பொருள் கூறிய அவர், பிழையாமையாவது பழைய மருத்துவர் செய்துவரும் முறையினின்று தப்பாமை என்று விளக்கினார். மூலத்தில் பழைய மருத்துவர் என்பதற்குச் சொல் இல்லை, குறிப்பும் இல்லை. நோய்க்குப் பொருந்தவும், கண்ட வழி வாய்க்கவும் செய்தல் என்பதே சொற்கிடையில் பெறப்படுவது. 'வாய்' என்னும் வழியும் 'வாய்ப்ப' என்னும் பொருந்துதலும் அடுத்தடுத்து ஒலிப்பது, செயலைக் கட்டுப்படுத்துவது பழமை அன்று, அப்போது தெளிந்த வழியே என்பதைக் காட்டுகின்றது.

உரையாசிரியர் காலத்தில் இவ்விளக்கம் தேவையாய் இருந்திருக்கலாம். பயிலாதவன் புதுமை செய்யப் புகுந்து உயிருக்குக் கேடு சூழ்வதைத் தடுக்க வழக்கு ஓர் அரண். எனினும் வழக்கு மட்டுமே அளவுகோலாயின் பெரிபெரியின் முதல் காணப்பட்டிராது. மூன்று முறை நாடச் சொன்ன ஆசிரியர், நாடிக் கண்டது வழக்கோடு மாறுபடின் கண்டதைக் கைவிடுக என்று சொல்லியிருப்பாரா என்பது வினவத்தக்கது. குறி என்னும் சொல்லை மூலத்தில் பெய்து அதன் பொருளை விரித்தவரே, இங்குப் பழமை என்னும் சொல்லைப் பெய்து அதனைச் சுருக்கிவிட்டார். உரைகளைப் போற்றுதலும் வேண்டும். ஓரிடத்து ஒப்புக்கொண்டதற்காக எல்லா இடத்தும் ஒப்புக்கொள்ளாதிருத்தலும் வேண்டும்.

உற்றவன் முதலாய நால்வகை

கடைசி இரு குறள்களையும் விட்டு எட்டாங்குறளை மட்டும் எடுத்தோதுவது இன்றைய வழக்கமாகிவிட்டது. அஃது அதிகாரத்தின் பொருளைக் குறைத்துவிடுகின்றது. ஒன்பதாம் குறள் நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகியவற்றைக் கருதிச் செய்க என்கின்றது. ஒரே நோய்க்கு ஒரே மருந்து என்னும் இயந்திர முறைக்கு இது மறுப்பு. தயமின் குறைவு கடுமையாக உள்ள ஒருவர்க்குத் தயமின் கொடுக்காமல் சர்க்கரை நீரை மட்டும் நரம்பில் ஏற்றினால் மூளைக்கே கேடு நேரலாம். மதுவுக்கு அடிமையானவர், இரைப்பை சுருக்க அறுவை செய்துகொண்டவர், கருவுற்று ஓயாது வாந்தியெடுப்பவர் ஆகியோரிடம் இக்குறைவு இன்றும் காணப்படுகின்றது. ஏற்ற மருந்தும் கால முறை மாறின் தீங்காகும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

பத்தாம் குறள் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளை எண்ணுகின்றது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன். எண்ணும்போது மருத்துவனை முதலில் வைக்காமல் நோயுற்றவனை முதலில் வைத்தது நோக்கத்தக்கது. பரிமேலழகர் இந்நான்கில் ஒவ்வொன்றையும் நந்நான்காக விரித்தார். நோயுற்றவனுக்கு அவர் கூறும் தகுதிகளுள் ஒன்று, தன் நோயின் நிலையை எடுத்துரைக்க வல்லவனாதல். மருந்துக்குக் கூறும் தகுதிகளுள் ஒன்று, எளிதில் கிடைத்தல். உதவுபவனுக்குக் கூறும் தகுதிகளுள் முதன்மையானது நோயாளியிடத்து அன்பு.

இவ்வளவுகோலைக் கையில் கொண்டு கோலாலம்பூர் நிகழ்ச்சியை மீண்டும் நோக்கினால் மனம் கலங்குகின்றது. எளிதில் கிடைக்கும் மருந்து என்னும் தகுதி அங்கு நிறைவேறிற்று. அரிசியை மாற்றுவதே மருந்தாயிற்று. ஆனால் வரிசையில் நின்று எண்ணப்பட்டவர் தம் நிலையை எடுத்துரைக்க இயலாதவர், இசைவு கேட்கப்படாதவர். ஐயத்துக்கு இடமான அரிசியை ஓராண்டு உண்டு அவர்களுள் 18 பேர் இறந்தனர். அவர்கள் இறப்பால் விளைந்த அறிவு பின்வந்த எண்ணற்றோரைக் காத்தது உண்மையே. ஆயினும் நோயுற்றவனை முதலில் வைத்து எண்ணிய குறள், அவனை ஒற்றை இரட்டை என்று மட்டும் எண்ணிய முறையை எளிதில் ஒப்பாது. எட்டாம் குறளின் நெறி அங்குத் திறம்பட நடந்தது. பத்தாம் குறளின் நெறி நடக்கவில்லை. முன்னதை மட்டும் மேற்கோள் காட்டிப் பின்னதை மறப்பவர் இதனைச் சிந்தித்தல் நன்று.

வகுப்பறையில் செய்யத்தக்கது

இக்குறளைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனால் பெறப்படுவன சில. 'நாடி' வினையெச்சம் என்பதை முதலில் தெளிவிக்க வேண்டும். நோய், குறி, முதல் மூன்றையும் வேறுபடுத்த மாணவரைப் பழக்க வேண்டும். அதற்குப் பெரிபெரியைக் காட்டிலும் இந்நாட்டு மாணவர்க்கு அண்மையான எடுத்துக்காட்டு அரிது. அவர்கள் வீட்டில் புழுங்கும் அரிசியே அதில் ஒரு பாத்திரம். கடைசி மூன்று குறள்களையும் ஒன்றாகவே கற்பிக்க வேண்டும். வள்ளுவர் ஆய்வுக்கூடத்தைக் கண்டார் என்று சொல்ல வேண்டுவதில்லை; ஆய்வுக்கூடத்துக்குள் நுழைபவன் எவ்வகை மனத்தோடு நுழைய வேண்டும் என்று கண்டார் என்றால் போதும்.

மற்றொரு கடமையும் உண்டு. நோயின் நிலையை எடுத்துரைக்க வல்லவனாதல் என்பது சொல்வளம் உடையவனுக்கே கைகூடும். மரத்தல், குத்தல், உளைச்சல், எரிச்சல், கடுப்பு, விறைப்பு என்று உடலின் துன்பங்களை நுண்ணிதாகப் பிரித்துரைக்கும் சொற்கள் தமிழில் நிரம்ப உள்ளன. அவையெல்லாம் 'வலி' என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிடுமாயின், மருத்துவர்முன் அமரும் தமிழர் தம் குறியைத் தாமே மறைத்தவராவர். ஆய்வுக்கூடம் குருதியைப் பேசவைக்கும். ஆனால் எந்தச் சோதனையைச் செய்வது என்பதை நோயாளியின் சொல்லே பெரும்பாலும் காட்டுகின்றது. கால் வலிக்கின்றது என்பவனும், கால் மரத்துப் போகின்றது என்பவனும் மருத்துவர்க்குத் தருவன வெவ்வேறு திறவுகோல்கள். அச்சொற்களை மாணவர் நாவில் உயிரோடு வைத்திருப்பதும் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் முதலாவதற்குச் செய்யும் தொண்டே ஆகும்.